அக்குள் மிகைவியர்வை: சிகிச்சை முறைகள்

உடலின் சூட்டைத் தணிப்பதற்காகவே வியர்வை சுரக்கிறது. மனித உடலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை எக்ரைன் வகை. உடல் சூடாகும்போது மூளையிலிருந்து புறப்படும் செய்தி பரிவு நரம்புகளின் வழியே வந்து, நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளாகக் கசிகிறது. அது பட்டதும் சுரப்பி நீரை வெளியேற்றுகிறது. நீர் ஆவியாகும்போது தோல் குளிர்கிறது.

சிலருக்கு இந்தச் செய்தி தேவைக்கு மேல் வந்துகொண்டே இருக்கிறது. மின்விசிறிக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும், குளிரூட்டப்பட்ட அறையில் இருந்தாலும் அக்குள் நனைகிறது. உடலைக் குளிர்விக்கத் தேவையான அளவைத் தாண்டிச் சுரக்கும் இந்த நிலைதான் மிகைவியர்வை. மருத்துவர்கள் இதை ஹைப்பர்ஹைட்ராசிஸ் என்பார்கள். சுரப்பிகள் எண்ணிக்கையில் கூடுவதோ உருவில் வீங்குவதோ இல்லை. அவற்றை ஏவும் நரம்புதான் வரம்பு மீறுகிறது. இது அழுக்கால் வருவதில்லை, குளிக்காததால் வருவதில்லை, மனஉறுதி இல்லாததால் வருவதும் இல்லை. அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் மக்களில் 2.8 விழுக்காட்டினருக்கு மிகைவியர்வை இருப்பதாகத் தெரியவந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அக்குளிலும் அது இருந்தது.

இந்தத் தொல்லை உள்ளவர்கள் பலர் மருத்துவரிடம் போவதில்லை. கறுப்பு, வெள்ளை தவிர வேறு நிறத்தில் சட்டை எடுக்கமாட்டார்கள். பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கமாட்டார்கள். ரவிக்கையின் கைக்கு உள்ளே துணிப்பட்டை வைத்துத் தைத்துக்கொள்வார்கள். கைப்பையில் மாற்றுச் சட்டை இருக்கும். இப்படியே பத்து, இருபது ஆண்டுகளை ஓட்டியவர்கள் உண்டு. அவ்வளவு காலம் பொறுத்துக்கொள்ள வேண்டிய நோய் இது அல்ல. இரவில் பூசும் லோஷன் முதல் அறுவை சிகிச்சை வரை இதற்குப் பல படிகளில் மருத்துவம் உண்டு. கீழ்ப்படியிலிருந்து தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் அடுத்த படிக்கு ஏறுவதே முறை.

மிகைவியர்வை என்று எப்படி அறிவது?

வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமல் குறைந்தது 6 மாதமாக ஓரிடத்தில் அதிகமாக வியர்த்து வர வேண்டும். அதோடு பின்வரும் ஆறில் குறைந்தது இரண்டு பொருந்தினால் அது முதன்மை மிகைவியர்வை, அதாவது வேறு நோயின் துணையின்றித் தானே வந்தது, என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்.

1. இரண்டு அக்குளிலும் ஒரே அளவாக வியர்த்தல்.
2. வாரத்தில் ஒரு முறையாவது அப்படி நேர்தல்.
3. அன்றாட வேலைக்கு அது இடைஞ்சலாக இருத்தல்.
4. 25 வயதுக்கு முன்பே தொடங்கியிருத்தல்.
5. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருத்தல்.
6. தூக்கத்தில் வியர்வை நின்றுவிடுதல்.

தீவிரத்தை அளக்க நான்கு நிலைகள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. வியர்வை கண்ணுக்குத் தெரியவே இல்லை, வேலைக்கும் தடையில்லை என்றால் முதல் நிலை. பொறுத்துக்கொள்ளலாம், எப்போதாவது இடைஞ்சல் என்றால் இரண்டாம் நிலை. பொறுப்பது கடினம், அடிக்கடி இடைஞ்சல் என்றால் மூன்றாம் நிலை. பொறுக்கவே முடியவில்லை, எப்போதும் இடைஞ்சல் என்றால் நான்காம் நிலை. மூன்றும் நான்கும் தீவிரமானவை. சிகிச்சைக்குப் பிறகு நோயாளி எந்த நிலைக்கு இறங்கியிருக்கிறார் என்பதை வைத்தே பலன் கணிக்கப்படுகிறது. ஆகவே சிகிச்சையைத் தொடங்கும் நாளில் தாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வியர்க்கும் பரப்பைத் துல்லியமாகக் காண அயோடின்–மாவு சோதனை செய்யப்படுகிறது. அக்குள் முடியை மழித்து, இடத்தைத் துடைத்து உலர்த்தி, அயோடின் கரைசலைப் பூசுவார்கள். அது காய்ந்ததும் அதன்மேல் சோளமாவைத் தூவுவார்கள். வியர்வை எழும் இடத்தில் மாவும் அயோடினும் கலந்து கருநீலமாக மாறும். முதலில் ஊசி முனையளவுப் புள்ளிகள் தெரியும். சில நிமிடங்களில் அவை ஒன்றோடொன்று கூடித் திட்டாகிவிடும். பலருக்கு அந்தத் திட்டு முடி வளரும் பரப்போடு ஒத்துப்போகும். சிலருக்கு அதைத் தாண்டிக் கைப்பக்கமாகவோ விலாப்பக்கமாகவோ நீண்டிருக்கும். ஊசி எங்கெங்கே போட வேண்டும் என்று குறிக்க இந்தத் திட்டின் விளிம்பு உதவுகிறது. சோதனைக்கு முந்தைய 24 மணி நேரம் ரோல்-ஆன், ஸ்பிரே எதுவும் போடக் கூடாது. சோதனைக்கு முன் அரை மணி நேரம் ஓய்வாக இருக்க வேண்டும். சூடான காப்பியோ தேநீரோ குடிக்கக் கூடாது. அயோடின் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

வேறு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்

முதன்மை மிகைவியர்வைக்குப் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை தேவைப்படாது. ஆனால் சில அடையாளங்கள் இருந்தால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். இரவில் தூக்கத்தில் உடை நனையும்படி வியர்த்தல், நடுத்தர வயதில் திடீரென்று தொடங்குதல், ஒரு பக்கம் மட்டும் வியர்த்தல், உடல் முழுவதும் வியர்த்தல், கூடவே காய்ச்சல், எடை குறைதல், படபடப்பு ஆகியவை அந்த அடையாளங்கள்.

மாலைக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், எடைக்குறைவு ஆகியவற்றோடு இரவு வியர்வையும் சேர்ந்தால் காசநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நிணநீர்ப் புற்றுநோயிலும் இரவு வியர்வை வரும். கை நடுக்கம், படபடப்பு, நன்றாகச் சாப்பிட்டும் மெலிதல் ஆகியவை இருந்தால் தைராய்டு மிகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குத் திடீரென்று குப்பென்று வியர்த்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கக்கூடும். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடல் கொதித்து வியர்ப்பது பெண்கள் பலருக்கும் தெரிந்ததே. மனச்சோர்வுக்குத் தரப்படும் செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸெடின் போன்ற மாத்திரைகளும், சில வலிமாத்திரைகளும் வியர்வையைக் கூட்டும். அப்படிச் சந்தேகம் வந்தால் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நெஞ்சுவலியோடு சேர்ந்து வரும் குளிர்ந்த வியர்வை அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் படி: அலுமினியம் குளோரைடு

கடையில் டியோ என்று கேட்டால் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வாசனைப் பொருள்கள். அவை நாற்றத்தை மறைக்குமே தவிர வியர்வையைக் குறைக்காது. வியர்வையைக் குறைப்பவற்றில் அலுமினிய உப்பு இருக்கும். சாதாரண ரோல்-ஆன்களில் உள்ள அலுமினிய உப்பு இலேசான தொல்லைக்குப் போதும். தீவிரமான நிலைக்கு மருத்துவர்கள் எழுதித் தருவது அலுமினியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் லோஷன். பெரும்பாலும் 20 விழுக்காடு வலுவில் அது தரப்படுகிறது. முடிதிருத்தகங்களில் சவரத்துக்குப் பின் தேய்க்கும் படிகாரமும் அலுமினிய உப்புதான். அது நாற்றத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாமே தவிர இந்த மருந்துக்கு ஈடாகாது.

அலுமினிய உப்பு சுரப்பியின் குழாய்க்குள் இறங்கி, அங்குள்ள புரதப் பொருள்களோடு சேர்ந்து உறைந்து, தக்கைபோல் அடைத்துக்கொள்கிறது. தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது தக்கையும் உதிர்ந்துவிடும். அதனால்தான் இந்த மருந்தைத் தொடர்ந்து பூச வேண்டியிருக்கிறது.

இந்த லோஷன் பலன் தரவில்லை என்று சொல்பவர்களில் பலர் அதைக் காலையில், குளித்த கையோடு, ஈரத் தோலில் பூசியவர்கள். அந்த ஒரு பழக்கத்தில் இரண்டு தவறுகள் சேர்ந்திருக்கின்றன. பகலில் வியர்வை ஓடும்போது மருந்து குழாய்க்குள் இறங்காமல் வெளியே அடித்துக்கொண்டு வந்துவிடும். ஈரத்தில் பட்ட அலுமினியம் குளோரைடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கும், அதனால் தோல் எரியும். சரியான முறை இதுதான்:

1. இரவு படுக்கப்போகும்போது பூச வேண்டும். தூக்கத்தில் சுரப்பு மிகக் குறைவு. மருந்து இறங்க அதுவே தோதான நேரம்.
2. அக்குள் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். குளித்த உடனே பூசக் கூடாது. துண்டால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றிலோ, ஹேர் டிரையரின் குளிர்காற்றிலோ உலர்த்தியபின் பூச வேண்டும்.
3. மெல்லிய பூச்சே போதும். பூசியது காயும்வரை கையைச் சற்று விலக்கி வைத்துக்கொண்டு, பிறகு உடை அணியலாம்.
4. காலையில் எழுந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.
5. வியர்வை கட்டுக்குள் வரும்வரை தினமும் இரவில் பூச வேண்டும். பலருக்கு ஓரிரு வாரத்தில் பலன் தெரியும். பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும்.
6. மழித்த நாளிலும் மறுநாளிலும் பூசக் கூடாது. புண், கட்டி, சிவப்பு உள்ள இடத்திலும் கூடாது.

அரிப்பும் எரிச்சலும்தான் இதன் முதன்மையான தொல்லைகள். அப்படி வந்தால் ஓரிரு நாள் நிறுத்திவிட்டு, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் பூசலாம், அல்லது வலுக்குறைந்த லோஷனுக்கு மாறலாம். தேவைப்பட்டால் 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீமைக் காலையில் சில நாள் பூச மருத்துவர் சொல்வார். மருந்து துணியில் பட்டால் கறை பிடிக்கும், உலோக நகையைக் கறுக்கவைக்கும். படுக்கும்போது பழைய பருத்தி பனியன் போட்டுக்கொள்வது நல்லது.

அலுமினியம் மார்பகப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. அக்குள் பூச்சுகளுக்கும் அந்த நோய்க்கும் உறுதியான தொடர்பு எதையும் ஆய்வுகள் காட்டவில்லை. எனினும் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பயன்படுத்தக் கூடாது. மேமோகிராம் எடுக்கும் நாளில் பூசாமல் போக வேண்டும். அலுமினியத் துகள்கள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து குழப்பத்தை உண்டாக்கலாம்.

இரண்டாம் படி: நரம்புச் செய்தியைத் தடுக்கும் பூச்சுகள்

அலுமினியம் குழாயின் வாயை அடைக்கிறது. இந்த வகை மருந்துகள் அதற்கு முந்தைய இடத்திலேயே தலையிடுகின்றன. நரம்பு முனையில் கசியும் அசிட்டைல்கோலின் சுரப்பியைத் தொடாதபடி அவை மறித்துவிடுகின்றன. கிளைக்கோபைரோனியம் தோய்த்த ஒருமுறைத் துடைப்புத் துணிக்கு அமெரிக்காவில் 2018-இல், 9 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்காக அனுமதி கிடைத்தது. சோஃபிபிரோனியம் புரோமைடு ஜெல் ஜப்பானில் 2020-இலும் அமெரிக்காவில் 2024-இலும் அனுமதி பெற்றது. ஒவ்வொரு நாட்டிலும் கிடைக்கும் மருந்து வேறுபடும் என்பதால், உள்ளூரில் எது கிடைக்கிறது என்று தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரே துணியால் இரண்டு அக்குளையும் ஒவ்வொரு முறை துடைத்தால் போதும். துடைத்ததும் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். கழுவாத விரல் கண்ணில் பட்டால் கண்மணி விரிந்து, பார்வை சில மணி நேரம் மங்கிவிடும். ஒரு பக்கக் கண்மணி மட்டும் விரிந்திருப்பதைப் பார்த்து மூளையில் கோளாறோ என்று பயந்து மருத்துவமனைக்கு ஓடும்படி ஆகலாம். வாய் வறட்சி, சிறுநீர் கழிப்பதில் தடை, தோலில் எரிச்சல் ஆகியவையும் வரக்கூடும்.

மாத்திரைகள்

ஆக்ஸிபியூட்டினின், கிளைக்கோபைரோலேட் என்ற இரண்டு மாத்திரைகள் மிகைவியர்வைக்கு அதிகமாகத் தரப்படுகின்றன. முன்னது சிறுநீர்ப்பைத் தொல்லைக்கும் பின்னது வயிற்றுப்புண்ணுக்கும் வந்த மருந்துகள். மிகைவியர்வைக்கு அவற்றை எழுதித் தருவது மருத்துவரின் அனுபவத்தையும் ஆய்வுகளையும் சார்ந்தது. ஆக்ஸிபியூட்டினின் வழக்கமாக 2.5 மில்லிகிராமில் தொடங்கி, பலனையும் தொல்லையையும் பார்த்து மெல்ல மெல்லக் கூட்டப்படும்.

மாத்திரை அக்குளுக்கு மட்டும் என்று போய்ச் சேர்வதில்லை. உடல் முழுவதும் அசிட்டைல்கோலின் வேலையை அது மந்தப்படுத்துகிறது. அதனால் நாக்கு வறளும், மலம் கட்டும், பார்வை மங்கும், சிறுநீர் தடைபடும். அக்குளில் மட்டும் தொல்லை உள்ளவர்களுக்கு இது முதல் தேர்வாக அமையாததற்குக் காரணம் இதுவே. உள்ளங்கை, உள்ளங்கால், முகம் என்று பல இடங்களில் வியர்ப்பவர்களுக்கு மாத்திரை அதிகம் உதவும்.

கண்ணழுத்த நோய்களில் குறுகிய கோண வகை, சிறுநீர் அடைப்பு, மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய், குடல் அடைப்பு ஆகியவை உள்ளவர்களுக்கு இந்த மாத்திரைகள் ஆகாது. முதியவர்களுக்குக் குழப்பமும் மறதியும் வரலாம். தமிழகம் போன்ற வெயில் மண்ணில் இன்னொரு எச்சரிக்கை மிக முக்கியம். வியர்வை நின்றால் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழியும் அடைபடுகிறது. கத்திரி வெயிலில் கட்டடவேலை, வயல்வேலை செய்பவர், உச்சிவேளையில் வண்டியில் அலைபவர், மைதானத்தில் ஓடுபவர் ஆகியோருக்கு இந்த மாத்திரை வெப்பமயக்கத்தைக் கொண்டுவரக்கூடும். தாம் செய்யும் வேலையை மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது.

மேடையேறுதல், நேர்காணல் போன்ற பதற்றமான வேளைகளில் மட்டும் வியர்ப்பவர்களுக்குச் சில மருத்துவர்கள் புரோப்ரனலால் தருவதுண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை எடுக்கக் கூடாது.

போட்டாக்ஸ் ஊசி

கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நச்சுப் புரதத்தை மிகச் சிறிய அளவில் தோலுக்குள் செலுத்தும் சிகிச்சை இது. 1990களில் முகத்தசை இழுப்புக்காக இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தப் பகுதியில் வியர்வை குறைவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அங்கிருந்து அக்குளுக்கு வந்த இந்த மருந்துக்கு, பூச்சுகளால் கட்டுப்படாத தீவிர அக்குள் வியர்வைக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் அனுமதி தந்தது. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளியேறுவதையே இது நிறுத்திவிடுகிறது. சுரப்பி கெட்டுப்போவதில்லை, அதற்கு ஏவல் வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான்.

அயோடின்–மாவு சோதனையில் தெரிந்த திட்டுக்குள் 1 முதல் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் 10 முதல் 15 புள்ளிகளை மருத்துவர் பேனாவால் குறிப்பார். மிக மெல்லிய ஊசியைச் சாய்வாக, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் ஆழம் மட்டும் இறக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு துளி மருந்தைச் செலுத்துவார். தோல் அங்கே கொசுக்கடித் தடிப்புபோல் எழும்பி, பிறகு அடங்கும். ஓர் அக்குளுக்கு 50 யூனிட் என்பது போட்டாக்ஸுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு. உணர்விழக்கச் செய்யும் கிரீமோ பனிக்கட்டியோ முன்பே வைத்தால் வலி பெரிதாகத் தெரியாது. முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம்.

சில நாளில் வியர்வை குறையத் தொடங்கும். இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். பலருக்கு 6, 7 மாதம் அது நிலைக்கும், சிலருக்கு இன்னும் நீடிக்கும். நரம்பு முனை மெல்லத் திரும்பச் செயல்படத் தொடங்கியதும் வியர்வையும் திரும்பும், மறுபடியும் ஊசி போட வேண்டும். ஆண்டுதோறும் வரும் இந்தச் செலவுதான் இந்தச் சிகிச்சையின் பெரிய குறை. ஊசி போட்ட இடத்தில் வலி, சிறு ரத்தக்கட்டு ஆகியவை வரலாம். விழுங்குவதில் சிரமம், பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் ஆகியவை மிக அரிது. வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், மயஸ்தீனியா போன்ற நரம்புத்தசை நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் மருந்துக்கான யூனிட் இன்னொரு நிறுவனத்தின் மருந்துக்குப் பொருந்தாது. எந்த மருந்து, எத்தனை யூனிட், பாட்டில் எப்போது திறக்கப்பட்டது என்று கேட்பது நோயாளியின் உரிமை. விலை மலிவு என்பதற்காக அழகு நிலையங்களில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. பயிற்சி பெற்ற தோல் மருத்துவர் கையால்தான் போட வேண்டும்.

மைக்ரோவேவ் சிகிச்சை

வியர்வைச் சுரப்பிகள் தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் சந்திக்கும் எல்லையில் இருக்கின்றன. மைக்ரோவேவ் அலை அந்த எல்லையில் சூட்டைக் குவித்துச் சுரப்பிகளை அழிக்கிறது. மேல்தோல் வெந்துவிடாமல் கருவியிலேயே உள்ள குளிர்த்தகடு பார்த்துக்கொள்கிறது. இதற்கான கருவிக்கு அமெரிக்காவில் 2011-இல் அனுமதி கிடைத்தது. அக்குளில் மரத்துப்போகும் ஊசி போட்டபின், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சிலருக்கு 3 மாதம் கழித்து இரண்டாம் முறை தேவைப்படலாம். அழிந்த சுரப்பி மீண்டும் முளைப்பதில்லை என்பதால் பலன் நெடுங்காலம் நீடிக்கிறது. அக்குள் முடியும் நாற்றமும் கூடவே குறைகின்றன.

அக்குள் சுரப்பிகளை அழித்தால் உடல் குளிர்வது எப்படி என்று அஞ்ச வேண்டியதில்லை. உடலின் மொத்தச் சுரப்பிகளில் ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே அக்குளில் உள்ளன. மீதமுள்ளவை அந்த வேலையைச் செய்துவிடும். சிகிச்சைக்குப் பின் சில நாள் முதல் சில வாரம் வரை வீக்கமும் வலியும் இருக்கும். தோலடியில் கட்டிபோல் தட்டுப்படலாம், மேற்கையின் உட்புறம் மரத்திருக்கலாம். இவை பெரும்பாலும் தாமே சரியாகிவிடும். கைக்குப் போகும் நரம்புகள் அக்குள் வழியே ஓடுவதால் அவற்றுக்குக் காயம் ஏற்படும் அபாயம் அரிதாக உண்டு. ஒல்லியானவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் குறிப்பாகக் கேட்க வேண்டும். செலவு அதிகம், கருவியும் எல்லா ஊரிலும் கிடையாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது கூடாது. லேசர், நுண்ணூசி ரேடியோ அலை ஆகிய முறைகளும் உள்ளன. அவற்றுக்கான சான்றுகள் இன்னும் போதிய அளவில் இல்லை.

உள்ளங்கை, உள்ளங்காலுக்கு நன்கு பயன்படும் மின்னோட்ட சிகிச்சை (நீர்த்தட்டில் கையை வைத்து இலேசான மின்சாரம் செலுத்துவது) அக்குளின் குழிந்த வடிவத்துக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. ஆகவே அக்குளுக்கு அது பெரிதாகப் பயன்படுத்தப்படுவதில்லை.

அறுவை சிகிச்சைகள்

அக்குளிலேயே செய்யப்படும் அறுவையில் சிறு துளைகள் வழியே கருவியை நுழைத்து, தோலின் அடிப்புறத்தைச் சுரண்டி, சுரப்பிகளை உறிஞ்சி எடுப்பார்கள். வியர்க்கும் தோல்பகுதியையே வெட்டி எடுத்துத் தைப்பதும் உண்டு. பலன் நீடிக்கலாம். ஆனால் ரத்தக்கட்டு, கிருமித் தொற்று, தோலின் ஒரு பகுதி செத்துப்போதல், தழும்பு, கையைத் தூக்கும்போது இறுக்கம் ஆகியவை நேரக்கூடும். செய்பவரின் கைத்திறனைப் பொறுத்தே முடிவு அமையும்.

இரண்டாவது வகை, மார்புக்குள் போய்ப் பரிவு நரம்பையே துண்டிக்கும் அறுவை. இந்த நரம்புச் சங்கிலி முதுகெலும்பின் இருபுறமும் விலாவெலும்புத் தலைகளின்மேல் ஓடுகிறது. முழு மயக்கம் கொடுத்து, விலா இடுக்கில் சிறு துளையிட்டு, நுரையீரலைச் சற்றுச் சுருங்கவிட்டு, கேமராக் குழாயின் உதவியோடு நரம்பை வெட்டுவார்கள் அல்லது கிளிப் போட்டு நெரிப்பார்கள். அக்குளுக்காகப் பெரும்பாலும் 4, 5-ஆம் விலாவெலும்பு மட்டத்தில் இது செய்யப்படுகிறது. உள்ளங்கை வியர்வைக்கு இதனால் கிடைக்கும் நிறைவு அக்குளுக்கு அந்த அளவு கிடைப்பதில்லை.

இதன் பெரிய விலை ஈடுகட்டும் வியர்வை. அக்குள் உலர்ந்துவிடும், ஆனால் முதுகும் வயிறும் தொடையும் முன்னைவிட அதிகமாக வியர்க்கத் தொடங்கும். இது பலருக்கும் வருகிறது. சிலருக்கு முதலில் இருந்த தொல்லையைவிடக் கடுமையாகிவிடுகிறது. வெயில் அதிகமுள்ள ஊரில் அது இன்னும் மோசமாகும். வெட்டிய நரம்பை மறுபடி ஒட்டவைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர நம்பத்தகுந்த வழி இல்லை. கிளிப்பை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற உறுதியும் இல்லை. மார்புக்குள் காற்றுத் தேங்குதல், இமை தாழ்ந்து கண்மணி சுருங்கும் ஹார்னர் நிலை ஆகியவையும் நேரலாம். அக்குள் வியர்வைக்காக மட்டும் என்றால், மற்ற எல்லா வழிகளையும் முறையாகப் பார்த்துத் தீர்ந்த பிறகே இந்த அறுவையைப் பற்றி யோசிக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே இதைப் பரிந்துரைத்தால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது அவசியம்.

நாற்றம் தனிப் பிரச்சினை

வியர்வைக்குத் தனியே பெரிய வாடை இல்லை. அக்குளில் உள்ள அபோக்ரைன் என்ற வேறு வகைச் சுரப்பிகளின் கசிவைத் தோல் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் நாற்றம் எழுகிறது. அதனால் மிகுதியாக வியர்த்தும் நாற்றமே இல்லாதவர்கள் உண்டு, கொஞ்சமே வியர்த்தும் நாற்றத்தால் வருந்துபவர்கள் உண்டு. அக்குள் முடியைக் குறைத்தல், தினமும் கிருமிநாசினி சோப்பால் கழுவி உலர்த்துதல், வியர்த்த உடையை மறுமுறை துவைக்காமல் போடாதிருத்தல் ஆகியவை நாற்றத்துக்குப் பெரிதும் உதவும். இவற்றால் வியர்வையின் அளவு குறையாது. எப்போதும் ஈரமாக இருக்கும் அக்குளில் படர்தாமரையும் பாக்டீரியாத் தொற்றும் எளிதில் பிடிக்கும். சிவந்து அரித்தால் கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த ஆயின்ட்மென்ட்டைப் பூசாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் 20 விழுக்காடு அலுமினியம் குளோரைடை மேலே சொன்ன முறைப்படி ஒரு மாதமாவது பூசிப் பார்க்க வேண்டும். செலவு குறைவு, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். அது போதவில்லை என்றால், அல்லது எரிச்சல் தாங்கவில்லை என்றால், நரம்புச் செய்தியைத் தடுக்கும் பூச்சு அல்லது போட்டாக்ஸ். பல இடங்களில் வியர்த்தால் மாத்திரை. ஆண்டுதோறும் ஊசி போட்டுச் சலித்தவர்களுக்கு, வசதியும் கருவியும் இருந்தால், மைக்ரோவேவ். அக்குளில் செய்யும் அறுவை அதற்குப் பிறகு. நரம்பைத் துண்டிக்கும் அறுவை கடைசி.

பதின்வயதினர் இந்தத் தொல்லையை வீட்டில் சொல்லவே கூச்சப்படுவார்கள். விளையாட்டு நேரத்தில் ஒதுங்கி நிற்கும், கோடையிலும் சட்டைமேல் சட்டை போடும் பிள்ளையிடம் பெற்றோர் தாமாகவே கேட்க வேண்டும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் எந்த மருந்தையும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நான்கு விவரங்களை எழுதிக்கொண்டு போனால் வேலை பாதி முடிந்தது: வியர்வை எந்த வயதில் தொடங்கியது, தூக்கத்தில் நிற்கிறதா, என்னென்ன மாத்திரைகள் எடுக்கிறார், இதுவரை எதை எப்படிப் பூசிப் பார்த்தார். திரும்பும்போது நான்கு கேள்விகளுக்குப் பதில் பெற்றிருக்க வேண்டும்: இந்தச் சிகிச்சையின் பலன் எத்தனை மாதம் இருக்கும், மொத்தச் செலவு என்ன, என்ன தொல்லை வரலாம், பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா. கடைசிக் கேள்விக்கு முடியாது என்பது பதிலானால், முடிவெடுக்க அவசரப்படக் கூடாது.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்குள்ள மருத்துவர்களுக்கு இது புதிய நோயும் அல்ல, கேட்டு முகம் சுளிக்கும் நோயும் அல்ல. சட்டையின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து வாங்கும் ஒருவர், வெட்கத்தை விட்டு ஒரு முறை அங்கே போய்ச் சொன்னால், பெரும்பாலும் இரவில் பூசும் ஒரு லோஷனிலிருந்தே தீர்வு தொடங்கிவிடும்.